காதில் விழும் குரல் யாருடையது?

இக்கட்டுரையைப் படிக்கத் தொடங்கும் முன் ஒரு சிறு சோதனையைச் செய்து பாருங்கள். கருவி எதுவும் தேவையில்லை. இடக் கண்ணை மூடிக்கொண்டு, எதிர்ச் சுவரில் தொங்கும் நாட்காட்டியை வலக் கண்ணால் மட்டும் பாருங்கள். தலையை அசைக்காமல், கண்ணை இடப்புறமும் வலப்புறமும் ஓட்டுங்கள். நாட்காட்டி நகர்கிறதா? இல்லை. அது தன் இடத்திலேயே இருக்கிறது. இப்பொழுது வலக் கண்ணின் வெளி ஓரத்தில், இமையின் மேல், விரல் நுனியால் மிக மென்மையாக ஒரே ஒருமுறை அழுத்தி விடுங்கள். (கண்ணில் நோய் உள்ளவர்களும் அறுவை செய்துகொண்டவர்களும் இதைச் செய்ய வேண்டாம்.) என்ன ஆயிற்று? நாட்காட்டி துள்ளிற்று, சுவரே ஆடியது போல் தோன்றிற்று, அல்லவா?

சற்றே சிந்தித்துப் பாருங்கள். இரண்டு முறையும் நடந்தது ஒன்றுதான். கண்கோளம் திரும்பியது, விழித்திரையின் மேல் விழுந்த பிம்பம் நகர்ந்தது. ஒளியியல் நோக்கில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் ஒருமுறை உலகம் அசையாமல் நின்றது, மறுமுறை அசைந்தது. 1860களில் இந்தப் புதிரை ஆராய்ந்தவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். ஆற்றல் அழியாமை விதியை நிறுவியவர்களுள் ஒருவர் என்று நம் இயற்பியல் நூல்களில் நாம் படிக்கும் அதே ஹெல்ம்ஹோல்ட்ஸ்தான்.

கண் தசைகளைக் கொண்டு செய்யும் இந்தச் சிறு சோதனைக்கும், மனநோய்களுள் கொடியது என்று அஞ்சப்படும் மனச்சிதைவு நோய்க்கும் தொடர்பு உண்டு என்றால் நம்புவீர்களா? எனக்கும் இது வெகு காலம் தெரியாது. தெரியாமல் இருந்ததால் நேர்ந்த ஒரு பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு கேள்வி

நான் கல்லூரிப் பணியில் சேர்ந்த புதிது. இரண்டாம் ஆண்டு இளநிலை வகுப்பில் அமைதியான மாணவன் ஒருவன் இருந்தான். அலைமானிச் சோதனையில் அவன் எடுக்கும் அளவீடுகள் பிழையின்றி இருக்கும். ஒரு நாள் மாலை மற்றவர்கள் போன பிறகு தயங்கித் தயங்கி என்னிடம் வந்தான்.

“சார், நாம மனசுக்குள்ள நினைக்கிறது வெளியில கேக்குமா?”

நான் சிரித்தேன். “மனத்தில் நினைப்பதற்கு அதிர்வெண் கிடையாது தம்பி. தேர்வு வருகிறது, போய்ப் படி” என்றேன். அவன் ஒன்றும் பேசாமல் போய்விட்டான். அடுத்த மாதமே கல்லூரிக்கு வருவதை நிறுத்தினான். யாரோ இருவர் தன்னைப் பற்றியே இடைவிடாமல் பேசிக்கொள்வது அவனுக்குக் கேட்டதாம். பேய் பிடித்திருக்கிறது என்று ஊர் ஊராக அழைத்துச் சென்றார்கள். மருத்துவரிடம் அவன் போய்ச் சேர்ந்தபோது ஒன்றரை ஆண்டு கழிந்திருந்தது.

அன்று அவன் கேட்டது மூடத்தனமான கேள்வி அன்று. மூளையறிவியல் இன்று கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விகளுள் அது ஒன்று. அதற்குச் சரியான விடையை இப்பொழுது சொல்ல முயல்கிறேன்.

ஆணையும் அதன் நகலும்

முதலில் கண்ணுக்கு வருவோம். கண்ணைத் திருப்ப வேண்டும் என்று மூளை முடிவு செய்தால், கண் தசைகளுக்கு ஓர் ஆணை போகிறது. அலுவலகத்தில் ஓர் ஆணை பிறப்பிக்கப்படும்போது, அதன் நகல் ஒன்று தொடர்புடைய மற்றொரு பிரிவுக்கும் அனுப்பப்படுவதை நீங்கள் அறிவீர்கள். அது போலவே, தசைக்குப் போகும் ஆணையின் நகல் ஒன்று மூளையின் பார்வைப் பகுதிக்கும் போகிறது. “இதோ கண் வலப்புறம் திரும்பப் போகிறது, பிம்பம் இடம் மாறும், அதைப் பொருட்படுத்த வேண்டாம்” என்பதே அந்த நகல் சொல்லும் செய்தி. எதிர்பார்த்தபடியே பிம்பம் நகர்வதால், மூளை அந்த நகர்ச்சியைக் கழித்து விடுகிறது. உலகம் நிலையாக நிற்கிறது.

விரலால் அழுத்தும்போது என்ன நடக்கிறது? கண் தசைக்கு ஆணை எதுவும் போகவில்லை. ஆகவே நகலும் இல்லை. கழிப்பதற்கு ஒன்றும் இல்லாததால், “அசைந்தது உலகமே” என்று மூளை தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

கைபேசியின் ஒலிபெருக்கியை இயக்கிவிட்டுப் பேசியிருப்பீர்கள். எதிர்முனையில் இருப்பவரின் குரல் ஒலிபெருக்கி வழியே வெளிவந்து, மீண்டும் உங்கள் கைபேசியின் ஒலிவாங்கிக்குள்ளேயே நுழைகிறது. அப்படியே திருப்பி அனுப்பினால் அவருக்கு அவர் குரலே எதிரொலியாகக் கேட்கும். அதனால் தான் வெளியிட்ட ஒலியின் நகலை வைத்துக்கொண்டு, உள்ளே வரும் ஒலியிலிருந்து அதைக் கழித்துவிட்டு, மிச்சத்தை மட்டுமே கைபேசி அனுப்புகிறது. மூளை செய்வதும் ஏறத்தாழ இதுவே. ஆனால் மூளை அலையோடு அலையைக் கூட்டிக் கழிப்பதில்லை. தானே உண்டாக்கிய உணர்ச்சிக்கு நரம்பணுக்கள் துடிக்கும் அளவைக் குறைத்துவிடுகிறது.

மீனும் சுவர்க்கோழியும்

இந்தக் கருத்தைத் தெளிவான சோதனைகளால் நிலைநாட்டிய ஆண்டு 1950. ஜெர்மனியில் ஃபான் ஹோல்ஸ்டும் மிட்டல்ஷ்டெட்டும், அமெரிக்காவில் ரோஜர் ஸ்பெரியும் தனித்தனியாக அதே முடிவுக்கு வந்தனர். ஸ்பெரி ஒரு மீனின் கண்ணை அறுவை செய்து 180 பாகை திருப்பி வைத்தார். அந்த மீன் ஓய்வின்றி வட்டமிடத் தொடங்கிற்று. காரணம் எளிது. மீன் ஒரு பக்கம் திரும்பும்போது காட்சி எத்திசையில் நகரும் என்று நகல் ஆணை முன்கூட்டியே சொல்கிறது. கண் தலைகீழாக இருப்பதால் காட்சி நேர் எதிர்த்திசையில் நகர்கிறது. ஒன்றையொன்று கழிக்க வேண்டியவை ஒன்றோடொன்று கூடிவிடுகின்றன. உலகமே சுழல்வதாக எண்ணி மீன் அதைத் துரத்துகிறது. ஒலிவாங்கியை ஒலிபெருக்கிக்கு அருகில் கொண்டுபோனால் எழும் வீறிடலைப் போன்றதே இதுவும்.

இரவில் நம் வீட்டு மூலையில் கத்தும் சுவர்க்கோழியைப் பாருங்கள். அதன் ஒலி அதனருகில் 100 டெசிபலையும் தாண்டக்கூடியது. அதன் செவியோ அதன் முன்கால்களிலேயே இருக்கிறது! இவ்வளவு இரைச்சலில் அதன் செவி மந்தமாகிவிட வேண்டுமே. எதிரி நெருங்கும் ஓசை அதற்கு எப்படிக் கேட்கிறது? 2006ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போலெட்டும் ஹெட்விக்கும் இதற்கு விடை கண்டனர். சிறகை உரசி ஒலி எழுப்பும் ஆணையின் நகலைச் செவி நரம்புகளுக்குக் கொண்டுசெல்லும் தனி நரம்பணு ஒன்றையே அவர்கள் அடையாளம் காட்டினர். ஒவ்வொரு முறை சிறகு உரசும்போதும் அந்த நரம்பணு செவி நரம்புகளை அந்தக் கணத்திற்கு மட்டும் அடக்கிவைக்கிறது. இடைவெளியில் செவி மீண்டும் கூர்மையாகிவிடுகிறது.

நம்மை நாமே சிரிக்க வைக்க முடியுமா?

மனிதர்களிடம் இதைக் காண இன்னும் எளிய வழி உண்டு. உங்கள் தம்பியோ தங்கையோ உங்களுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டினால் துள்ளிக் குதிப்பீர்கள். உங்களுக்கு நீங்களே மூட்டிப் பாருங்கள், சிரிப்பே வராது. தொடும் விரல் எங்கே, எப்பொழுது, எவ்வளவு அழுத்தத்துடன் படும் என்பது மூளைக்கு முன்பே தெரிந்திருப்பதே காரணம்.

1998இல் லண்டனில் சாரா ஜெய்ன் பிளேக்மோர், வோல்பெர்ட், ஃபிரித் ஆகியோர் காந்த ஒத்ததிர்வுக் கருவிக்குள் ஆட்களைப் படுக்க வைத்து இதை ஆராய்ந்தனர். பிறர் தொடும்போது மூளையின் தொடுவுணர்வுப் பகுதி வலிவாகச் செயல்பட்டது. தாமே தொட்டுக்கொண்டபோது அச்செயல் குறைந்தது. அந்த முன்கணிப்பில் சிறுமூளைக்குப் பங்கு உண்டு என்பதும் தெரிந்தது. பிறகு அவர்கள் ஓர் எந்திரக் கையை இடையே வைத்தனர். ஒருவர் தம் இடக் கையால் எந்திரத்தை நகர்த்துவார். அது அவருடைய வலது உள்ளங்கையைத் தடவும். எந்திரம் உடனே இயங்கினால் கூச்சம் குறைவு. ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு, பத்தில் இரு பங்கு என்று தாமதப்படுத்தத் தாமதப்படுத்தக் கூச்சம் கூடிற்று. தம் கையே அவர்களுக்குப் பிறர் கையாகிக்கொண்டு வந்தது!

வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும். “இது என் செயல்” என்று நாம் உணர்வது கல்லில் செதுக்கிய உண்மை அன்று. நகல் ஆணை உரிய நேரத்தில் வந்து சேர்ந்தால்தான் அந்த உணர்வு உண்டு. நொடியின் பத்தில் சில பங்கு பிசகினாலே அது தளர்ந்துவிடுகிறது.

உள்ளே ஓடும் பேச்சு

நாம் வாய் திறந்து பேசும்போதும் இதுவே நடக்கிறது. பேச்சு உறுப்புகளுக்கு ஆணை போகும்போதே அதன் நகல் செவிப்புலப் பகுதிக்குப் போகிறது. ஆகவே நம் குரலைக் கேட்கும்போது நம் செவிப்புலப் பகுதி மற்றவர் குரலுக்குத் துடிக்கும் அளவு துடிப்பதில்லை.

இதை அளக்க உதவுவது மூளை மின்னலை வரைவு. ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மானிய மனநல மருத்துவர் 1924இல் மனிதத் தலையின் மேற்பரப்பிலிருந்து மின் அலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார்; 1929இல் வெளியிட்டார். ஒரு வோல்ட்டைப் பத்து இலட்சம் பங்காக்கினால் அதில் சில பங்கே அந்த மின்னழுத்தம். ஓர் ஒலி காதில் விழுந்த பின், நொடியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு நேரம் கழித்து, இந்த வரைவில் ஒரு பள்ளம் தோன்றும். ஒலி வெளியிலிருந்து வந்தால் பள்ளம் ஆழமாக இருக்கும். அதே ஒலியை நாமே பேசினால் ஆழம் குறையும்.

இனி, வாய் திறவாமல் நாம் மனத்திற்குள் பேசிக்கொள்வதை எண்ணிப் பாருங்கள். “வீட்டைப் பூட்டினோமா?”, “அவரிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது” என்று நாள் முழுவதும் உள்ளே ஒரு பேச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது. அதற்கும் மூளையின் பேச்சுப் பகுதிகளே வேலை செய்கின்றன. அதையும் நம்முடையது என்று முத்திரையிட்டுக் காட்ட நகல் ஆணை தேவைப்படுகிறது. அந்த முத்திரை விழாவிட்டால்?

முத்திரை விழாதபோது

விடை உங்களுக்கே தோன்றியிருக்கும். உள்ளே எழுந்த பேச்சு வேறொருவர் பேச்சாகக் கேட்கும். மனச்சிதைவு நோயாளிகள் கேட்கும் மாயக்குரல்களுக்கு இதுவே காரணமாகலாம் என்று 1978இல் இர்வின் ஃபைன்பெர்க் என்னும் அமெரிக்க மருத்துவர் எழுதினார்.

அதற்குச் சான்றுகள் பல திரண்டுள்ளன. 1940களின் இறுதியிலேயே லூயி கோல்டு என்ற மருத்துவர், குரல் கேட்கும் ஒரு நோயாளியின் தொண்டையருகே எழும் மிக மெல்லிய முணுமுணுப்பைப் பெருக்கிக் கேட்டார். தமக்குக் கேட்பதாக நோயாளி சொன்ன சொற்களும் அந்த முணுமுணுப்பும் ஒத்திருந்தன! 1993இல் லண்டன் ஆய்வாளர்கள், நோயாளிகள் குரல் கேட்கும் நேரத்தில் மூளையின் குருதியோட்டத்தைப் படமெடுத்தனர். பேச்சைக் கேட்கும் பகுதியைக் காட்டிலும், பேச்சை உண்டாக்கும் புரோக்கா பகுதியிலேயே குருதியோட்டம் கூடியிருந்தது. 2000ஆம் ஆண்டில் பிளேக்மோரும் அவர் குழுவினரும் மாயக்குரல் கேட்கும் நோயாளிகளிடம் தொடுகைச் சோதனையைச் செய்தனர். தாமே தொட்டாலும் பிறர் தொட்டாலும் அவர்களுக்கு ஒரே அளவு உணர்வே இருந்தது. ஜூடித் ஃபோர்டு என்பவரும் அவர் துணைவர்களும் மின்னலை வரைவில் கண்டதும் அதுவே. பேசும்போது குறைய வேண்டிய பள்ளம் நோயாளிகளிடம் போதிய அளவு குறையவில்லை.

ஆகவே, நோயாளி பொய் சொல்லவில்லை, நடிக்கவில்லை, பேயும் அவரைப் பிடிக்கவில்லை. விரலால் கண்ணை அழுத்தியபோது சுவர் ஆடியதாக உங்களுக்குத் தோன்றியதே, அது எவ்வளவு மெய்யோ அவ்வளவு மெய்யாக அந்தக் குரல் அவருக்குக் கேட்கிறது. “அப்படி ஒன்றும் இல்லை” என்று நாம் சொல்வதால் குரல் நின்றுவிடாது. சுவர் ஆடவில்லை என்று அறிந்திருந்தும் அது ஆடுவதாகத்தானே உங்களுக்குத் தெரிந்தது?

ஓர் எச்சரிக்கை. குரல் கேட்பதெல்லாம் மனச்சிதைவு அன்று. உறக்கம் கவியும் வேளையில் யாரோ பெயர் சொல்லி அழைப்பது போல் பலருக்குக் கேட்பதுண்டு. அன்புக்குரியவரை இழந்த துயரில் அவர் குரலைக் கேட்டவர்களும் உண்டு. குரல் ஓயாமல் கேட்டு, அதனுடன் அச்சமும் உறக்கமின்மையும் ஒதுங்கிப்போதலும் சேர்ந்தால்தான் மருத்துவரை நாட வேண்டும்.

எதிர்பாராததைக் கண்டு துள்ளும் அணுக்கள்

முத்திரை விழாத பேச்சு ஏன் அவ்வளவு அச்சமூட்டுகிறது? இதற்கு டோபமைன் என்னும் வேதிப்பொருளைப் பற்றி அறிய வேண்டும்.

இக்கதையின் வேர் நம் நாட்டில் உள்ளது. சர்ப்பகந்தி என்னும் மூலிகை உயர் குருதியழுத்தத்திற்கும் மனக் கொந்தளிப்புக்கும் பயன்படுவதை 1931இல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இரு மருத்துவர்கள் ஓர் ஆய்விதழில் எழுதினர். 1952இல் ஸ்விட்சர்லாந்தில் அதிலிருந்து ரெசர்ப்பின் என்ற மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. 1950களின் பிற்பகுதியில் ஸ்வீடனைச் சேர்ந்த அர்விட் கார்ல்சன் அதை முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். முயல்கள் அசைவற்றுக் கிடந்தன. டோபமைனாக மாறக்கூடிய எல்-டோபா என்ற பொருளைச் செலுத்தியதும் அவை எழுந்து நடமாடின! நரம்பணுக்களுக்கிடையே செய்தி கொண்டுசெல்லும் தூதர்களுள் டோபமைனும் ஒன்று என்பது இவ்வாறு புலனாயிற்று. இதற்காகக் கார்ல்சன் 2000ஆம் ஆண்டின் நோபெல் பரிசில் பங்கு பெற்றார். 1952இல் பாரிசில் மனநோய்க்குப் பயன்படத் தொடங்கிய குளோர்ப்புரோமசின் என்ற மருந்தும், டோபமைன் வந்து பொருந்தும் ஏற்பிகளை அடைப்பதாலேயே பயன் தருகிறது என்பது பின்னர் தெரியவந்தது.

டோபமைன் சொல்லும் செய்தி என்ன? வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் செய்த சோதனைகள் இதை விளக்கின. எதிர்பாராமல் ஒரு துளி பழச்சாறு கிடைத்தால் குரங்கின் டோபமைன் நரம்பணுக்கள் துள்ளுகின்றன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பின், அவை சாற்றுக்குத் துள்ளாமல் விளக்குக்குத் துள்ளுகின்றன. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் அவை வழக்கமான துடிப்பையும் நிறுத்திக்கொள்கின்றன. ஆக, “இது எதிர்பாராதது, கவனி, இதில் பொருள் இருக்கிறது” என்பதே அச்செய்தி.

பாடநூலில் எதிர்த்துகள் என்று நாம் படிக்கும் பாசிட்ரானைக் கொண்டு உயிருள்ள மூளைக்குள் டோபமைன் உருவாவதை இன்று அளக்க முடிகிறது. மனச்சிதைவு நோயாளிகள் பலரிடம், மூளையின் ஆழத்தில் உள்ள வரிவடிவப் பகுதியில் அது அளவு கடந்து உருவாவதும் வெளிப்படுவதும் காணப்பட்டுள்ளது. விளைவு என்ன? அடுத்த வீட்டுக்காரர் இருமினாலும், சாலையில் ஒரு வண்டி நின்றாலும், “இதில் எனக்கு ஏதோ செய்தி இருக்கிறது” என்று தோன்றுகிறது. முத்திரை விழாத உள்பேச்சுக்கும் அதே கனம் வந்துவிடுகிறது. இதற்கெல்லாம் ஒரு காரணம் இருந்தாக வேண்டுமே என்று நோயாளியின் அறிவு தேடுகிறது. “யாரோ என்னைக் கண்காணிக்கிறார்கள்” என்ற மருட்சி இப்படித்தான் பிறக்கிறது. தவறான அளவீடுகளிலிருந்து சரியான தருக்கத்தால் பெறப்பட்ட தவறான முடிவு அது!

இவை இரண்டும் நோயின் முழுக் கதை அல்ல. இளமைப் பருவத்தில் மூளை தேவையற்ற நரம்பு இணைப்புகளைக் கழித்துச் செப்பனிடுகிறது. அக்கழிப்பு அளவு மீறுவதும் காரணமாகலாம் என்று ஃபைன்பெர்க் 1982இல் கூறினார். 2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அந்தக் கழிப்பில் பங்கு கொள்ளும் ஒரு மரபணுவின் சில வடிவங்கள் நோய் வாய்ப்பைக் கூட்டுவதைக் கண்டனர். பதின்பருவத்தின் இறுதியிலும் இருபதுகளிலும், அதாவது கல்லூரி வயதில், இந்நோய் பெரும்பாலும் தலைகாட்டுவதற்கு இது பொருந்துகிறது.

சென்னையில் கேட்கும் குரல்கள்

எல்லாம் மூளைச் சுற்றுகளின் கோளாறு என்றால், குரல்கள் உலகெங்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் அல்லவா? டான்யா லூர்மன் என்ற மானிடவியல் அறிஞர் இதை ஆராய்ந்தார். அமெரிக்காவின் சான் மட்டேயோ, கானா நாட்டின் அக்ரா, நம் சென்னை ஆகிய ஊர்களில் ஊருக்கு இருபது நோயாளிகளை, அந்தந்த ஊர் மருத்துவர்களுடன் சேர்ந்து நேர்கண்டு, 2014இல் முடிவுகளை வெளியிட்டார்.

அமெரிக்க நோயாளிகளுக்குக் கேட்ட குரல்கள் பெரும்பாலும் வன்முறை நிறைந்தவை. தங்கள் மனத்திற்குள் அத்துமீறி நுழைந்த அந்நியர்களாக அவற்றை அவர்கள் வெறுத்தனர். அக்ராவில் பலருக்குக் கேட்டது கடவுளின் குரல். சென்னையிலோ பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கேட்டவை உறவினர் குரல்கள். அவை திட்டும், ஆனால் வீட்டு வேலையைச் செய், குளி என்று பெரியவர்களைப் போல அறிவுரையும் சொல்லும்.

மூளையில் பிசகும் சுற்று எங்கும் ஒன்றாக இருக்கலாம். ஆனால் அதன் வழியே வரும் சொற்களை, நாம் வாழும் சமூகம் அந்த மூளைக்கு வாழ்நாளெல்லாம் கற்பித்திருக்கிறது. பழுதுபட்ட வானொலிப் பெட்டியும் அந்தந்த ஊர் நிலையத்தைத்தானே பிடிக்கும்!

வீடும் ஒரு மருந்து

சமூகத்தின் பங்கு இதோடு முடிவதில்லை. 1950களிலிருந்து லண்டனில் ஜார்ஜ் பிரவுனும் அவர் துணைவர்களும் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தனர். ஓயாமல் குறை சொல்லும், கடுஞ்சொல் பேசும் வீட்டிற்குத் திரும்பியவர்களுக்கே நோய் மீண்டும் தலைதூக்குவது மிகுதி என்று கண்டனர். பின்னர் சண்டிகரில் செய்த ஆய்வில், அங்குள்ள குடும்பங்களில் அத்தகைய குறைகூறல் லண்டனைவிடக் குறைவாக இருந்தது தெரிந்தது. அமைதியான வீடு என்பது வெறும் ஆறுதல் அன்று; மருந்துக்கு அடுத்தபடியாக வேலை செய்யும் ஒரு துணை மருத்துவம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகள் தங்கியிருந்த ஓலைக் கொட்டகை ஒன்று விடியும் முன் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் உயிரிழந்தனர். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர், பெற்றவர்களும் உடன்பிறந்தவர்களுமே. நோய் இன்னதென்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. மனநோயாளியைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் முற்றிலும் தடை செய்கிறது. சட்டம் இரும்புச் சங்கிலியை அறுக்கும். அறியாமையை அறுப்பது நம் வேலை.

நாம் செய்ய வேண்டியது

உலக நல நிறுவனத்தின் கணக்குப்படி ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவர் இந்நோயால் பாதிக்கப்பட்டவர். மூவாயிரம் பேர் படிக்கும் கல்லூரியையும் அவர்களுடைய குடும்பங்களையும் எண்ணிக்கொள்ளுங்கள். இது எங்கோ யாருக்கோ வரும் நோய் அன்று. நோயாளிகளில் மூவரில் ஒருவராவது முழுமையாகக் குணமடைகிறார் என்றும் அதே நிறுவனம் கூறுகிறது. மருத்துவம் தொடங்கத் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் அந்த வாய்ப்பைக் குறைக்கிறது.

இந்நோய்க்கான மருந்துகளுள் பெரும்பாலானவை டோபமைன் ஏற்பிகளை அடைப்பவை. 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஒரு புதிய மருந்து அந்த ஏற்பிகளைத் தொடாமல் வேறு வழியில் செயல்படுகிறது. எந்த மருந்தானாலும் உடல் பருமன், கைநடுக்கம் போன்ற பக்க விளைவுகள் வரலாம். வந்தால் மருத்துவரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டுமே தவிர, தாமாக நிறுத்திவிடக் கூடாது. கோயிலுக்கோ தர்காவுக்கோ தேவாலயத்துக்கோ போகிறவர்கள் போகட்டும். போகும் வழியில் மருத்துவரையும் பார்த்துவிட்டுப் போகட்டும். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ உதவிக்கு 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

மாணவர்களுக்கு ஒரு சொல். உங்களுடன் படிக்கும் ஒருவர் திடீரென்று ஒதுங்கிப் போனால், உறக்கம் கெட்டு, தனக்குள் பேசிக்கொண்டு, எல்லோரும் தன்னையே பேசுவதாகச் சொன்னால், கேலி செய்யாதீர்கள், வாதாடவும் வேண்டாம். “உனக்குக் கேட்பது எனக்குக் கேட்கவில்லை, ஆனால் உனக்குக் கேட்கிறது என்பதை நம்புகிறேன். வா, மருத்துவரிடம் போவோம்” என்று சொல்லுங்கள்.

என் மாணவன் மருந்து உண்ணத் தொடங்கிச் சில மாதங்களில் குரல்கள் மெலிந்தன. விட்டுப்போன தாள்களை இரண்டு ஆண்டுகளில் எழுதித் தேறினான். இப்பொழுது மின்சாதனப் பொருள்களைப் பழுது பார்க்கும் கடை ஒன்று வைத்திருக்கிறான். அண்மையில் என் வீட்டு மின்விசிறியை எடுத்துக்கொண்டு அவனிடம் போயிருந்தேன். நெடுநாளாக நெஞ்சில் கிடந்ததை அன்று சொல்லிவிட்டேன்.

“அன்று உனக்குத் தப்பான விடை சொல்லிவிட்டேன் தம்பி.”

அவன் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். “விடுங்க சார். நானே அப்போ பாதிதான் சொன்னேன். எப்பவாவது இப்பவும் கேக்கும். கேட்டா, அது என் குரல்தான்னு எனக்கு நானே சொல்லிக்குவேன்.”

அவன் மூளை இடத் தவறிய முத்திரையை அவன் இப்பொழுது தன் கையாலேயே இட்டுக்கொள்கிறான். மருந்தும், வீட்டாரின் பொறுமையும், நோயைப் பற்றிய அறிவும் சேர்ந்து அதற்கு வழி செய்திருக்கின்றன. அந்த அறிவை ஒன்றரை ஆண்டு முன்னதாகவே நான் அவனுக்குத் தந்திருக்கலாம். அடுத்த முறை யாரேனும் தயங்கித் தயங்கி அந்தக் கேள்வியைக் கேட்டால், நீங்களாவது சிரிக்காமல் விடை சொல்லுங்கள்.